பகைவன் கொடியை விரித்தவள்

விழாத் தலைவர் ஸ்டிலியானோஸ் அவர்களே, போரைப் பார்த்த பெரியவர்களே, பெற்ற பிள்ளைகளைக் கிரீட் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கறுப்புடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டு பொறுத்தவனுக்கு ஐந்து நிமிடமா? முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

வானத்திலிருந்து ஜெர்மானியர் குடை பிடித்துக் குதித்த அந்த மே மாதம். நம் தேவாலயத்துக்குள் காயம்பட்டவர்கள் கிடந்தார்கள். மருந்து உண்டா? இல்லை. கட்டுத்துணி உண்டா? இல்லை. தலைவர் அவர்களே, தொடையில் குண்டோடு நீங்களும் அங்கேதான் முனகிக் கிடந்தீர்கள்.

தரையில் தங்கள் கொடியைக் கண்டால், தங்கள் ஆட்கள் என்று நினைத்து ஜெர்மன் விமானம் உதவிப் பெட்டி போடும். என் அக்கா அர்கிரோ அதைக் கவனித்திருந்தாள். செத்த ஜெர்மன் சிப்பாய் ஒருவனின் இரும்புத் தொப்பியையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு, அவன் பையிலிருந்த கொடியோடு கதிரடிக்கும் களத்துக்கு நடந்தாள்.

"அடியே அர்கிரோ! அந்தச் சனியனையா நம்ம மண்ணுல விரிக்கிற? வெக்கமா இல்ல?" என்று கத்தினார் பக்கத்து வீட்டு மனுசோஸ்.

"வெக்கத்த வெச்சுக் காயத்துக்குக் கட்டுப் போட முடியுமா மாமா? காத்துல பறக்குது, ஒரு கல்ல வைங்க."

"நான் தொட மாட்டேன்!"

"அப்ப நீங்களே ஏறி உக்காருங்க. கல்லு மாதிரிதான நிக்கிறீங்க!"

சிரியுங்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை.

விமானம் வந்தது. தாழ்ந்தது. கடந்தது. திரும்பியது! ஆலிவ் மரத்தடியில் முகம் புதைத்துக் கிடந்தோம். குண்டா, பெட்டியா? பெட்டியா, குண்டா? அவள் மட்டும் களத்தின் நடுவே நின்று கையசைத்தாள்.

விழுந்தது பெட்டி. உள்ளே மருந்து! கட்டுத்துணி!

இறந்தவர்களோடு, அன்று பிழைத்தவர்கள் பெயரெல்லாம் கூட இந்த நினைவுக்கல்லில் இருக்கிறது. பிழைக்க வைத்தவள் பெயர் எங்கே? கேட்டால், "பகைவன் கொடியைத் தொட்டவள்" என்கிறது விழாக்குழு. தொடாதிருந்தால் இங்கே தலைமை தாங்க யார் இருந்திருப்பார்?

என்ன அக்கா, பின்வரிசையிலிருந்து "போதும்டா, வாடா" என்கிறாயா? விமானத்துக்கே நீ ஒதுங்கவில்லை. ஒரு குழுவுக்கு நான் ஒதுங்குவேனா?

மலர்வளையம் வைக்க என்னை அழைத்தீர்கள். மலர் கொண்டுவரவில்லை. உளியும் சுத்தியலும் கொண்டுவந்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். நான் கல்லுக்குப் போகிறேன்; தடுப்பவர் வரலாம்.