மடியில் கார்புரேட்டர்

கம்போங் ராஜாவில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வயதான கணவனும் மனைவியும். அவர் மடியில் துண்டில் சுற்றிய, புல்வெட்டும் மெஷினின் கார்புரேட்டர்.

“சோக் இழுத்தா ஓடுது, தள்ளினா செத்துப்போவுது. உள்ள பெட்ரோல் வர்ற ஜெட்டு ஓட்டை அடைச்சிருக்கு லா.”

“புல்லு மெஷின்ல பெட்ரோல அப்படியே விட்டா பசையாத்தான் போவும். எப்பவும் வடிச்சிட்டுத்தானே வைப்பீங்க?”

“அன்னிக்கு கோயில்ல பாதிப் புல்லு வெட்டியிருந்தேன். தேயிலைக் காட்டுல நீ மயங்கி விழுந்துட்டதா கங்காணி போன் பண்ணாரு. போட்டது போட்டபடி ஓடியாந்துட்டேன்.”

பஸ் கோலா தெர்லா ஊரைத் தாண்டியது. அந்தம்மா தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

“ரிப்பேர் கடைக்காரன் புதுசு மாத்தச் சொல்லுவான். முதல்ல இதால குத்திப் பாருங்க. மெதுவா. ஓட்டை பெருசாயிடப் போவுது.”