கதவுக்கான நான்கு பைட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவடியில் எங்கள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருக்கும். பதினோரு வருடத்தில் அதற்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை 1998இல் என்னிடம் வந்தது. கம்ப்யூட்டரின் அடிப்படை இயக்க மென்பொருளான கர்னலுக்குள் இருக்கும் பகுதி, பிரஸ்ஸின் அழுத்தத்தையும் பாதுகாப்புக் கதவின் நிலையையும் படித்து, வெளியே ஓடும் புரோகிராமுக்கு ஒரே கட்டாகக் கொடுக்கும். கதவு மூடியிருந்தால்தான் புரோகிராம் பிரஸ்ஸை இறக்கும்.

அழுத்தத்தின் எண்ணுக்கு 'லாங்' என்ற அளவை எழுதியிருந்தேன். என்னோடு வேலை பார்த்த ரகுநாதன், "லாங் வேணாம் சார். மிஷினுக்கு மிஷின் அளவு மாறும். முப்பத்திரண்டு பிட்டு, அதாவது நாலு பைட்டுன்னு கறாரா போட்டுடுங்க" என்றான். முதலாளி பக்கத்தில் இருந்தார். "ரெண்டு பக்கமும் எழுதறவன் நான்தானேப்பா" என்றேன்.

அடுத்த வருடம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் கர்னலில் லாங் எட்டு பைட்டு. பழைய புரோகிராமில் நான்குதான். முதல் நான்கு பைட்டுக்கு அடுத்து, கதவின் நிலையை அது தேடிய இடத்தில் அழுத்தத்தின் காலியான மறுபாதி இருந்தது. எப்போதும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் சரியாகவே காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். திரையில் 'மூடியது' என்றே இருந்தது. ரகுநாதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினேன். பிரஸ் ஓட்டும் கன்னியப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "புது மிஷின் எப்டி கீது சார்? நாளைக்கு நான்தான் ஓட்டப்போறேன்."

நன்றாக இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை காலை, சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பிரஸ் இறங்கியது.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் போய், ரகுநாதன் சொன்னபடியே அளவை மாற்றி எழுதினேன். திங்களன்று விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கதவு சுவிட்சில் ஒரு கம்பி சுற்றியிருந்ததை அவர்கள் கண்டுபிடித்தார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கன்னியப்பனே சுற்றியது என எழுதிக்கொண்டார்கள்.

அவர் மனைவி எல்லம்மா என்னைத் தேடி வந்தாள். "எங்க ஊட்டுக்காரு அந்த மாதிரி ஆளே இல்ல சார். உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

ஜெபம் பண்ணுகிறேன் அம்மா என்றேன். பண்ணவும் செய்தேன்.

அந்த ஞாயிறன்று கம்பியைச் சுற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பாவம்தான் என் மேல் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அளவில் வந்த சின்னப் பிழை.