வேண்டாம் என்று சொல்ல ஒரு பை மிளகு

பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் உம்மாவும் மகளும் இருந்தார்கள். உம்மாவின் மடியில் ஒரு பை மிளகு.

"காலேஜுக்கு வேணாம்னு சொல்லப் போறதுக்கு யாராவது மிளகு கொண்டு போவாங்களா உம்மா?"

"ஒன் ராத்தாவப் பொண்ணு கேட்டு வந்த வீட்டுக்கும் இப்படிப் போய்த்தான் வேணாம்னு சொன்னோம். இன்னைக்கும் அவங்க நம்மளக் கண்டா சலாம் சொல்றாங்க."

"கண்டியில எடம் கெடச்சிருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு நான் நேத்தே ஈமெயில் அனுப்பிட்டேன்."

"கோவிச்சுக்கிட்டா? நாளைக்கு ஒன் தங்கச்சியும் அங்கதானே எடம் கேட்டுப் போகணும்!"

மகள் போனை எடுத்து, வந்திருந்த பதிலை வாசித்தாள்.

"'தெரியப்படுத்தியதற்கு நன்றி. காத்திருந்த இன்னொரு மாணவிக்கு உங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டோம். வாழ்த்துகள்.'"

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அவங்களுக்கும் ஒரு புள்ள கெடச்சிருச்சு."

"அப்ப வீட்டுக்குத் திரும்புவோமா?"

உம்மா பையின் முடிச்சை இறுக்கினார்.

"மாத்தளையில எறங்கி கண்டி பஸ் எடுப்போம். சரின்னு சொல்ற எடத்துக்கு மட்டும் வெறுங்கையோட போக ஏலுமா?"