காலியாக விட்ட கட்டம்

தங்கை: "நன்றி"ன்னு வந்துச்சுண்ணா! பச்சை எழுத்துல, கொட்டை கொட்டையா. என் கண்ணால பார்த்தேன்.

அண்ணன்: பள்ளிக்கூடத்துல உன் விண்ணப்பமே வந்து சேரலைங்கறாங்களே…

தங்கை: அப்ப நான் புளுகறேனா? இன்னிக்கு சாயங்காலத்தோட விண்ணப்பம் வாங்கறது முடியுது. என் பாப்பாவுக்கு இடம் கிடைக்கலைன்னா…

அண்ணன்: இரு, புலம்பாதே. லேப்டாப்பை இப்படித் திருப்பு. அந்தப் பக்கத்தோட புரோகிராமைப் பார்க்கிறேன்.

தங்கை: அவங்க வெப்சைட்டு உனக்கு எப்படித் திறக்கும்?

அண்ணன்: ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின புரோகிராம்தானே… பிரவுசர்லயே யார் வேணா திறந்து படிக்கலாம்… ஐயோ!

தங்கை: என்ன ஐயோ? சீக்கிரம் சொல்லு!

அண்ணன்: பட்டனை அமுக்கினா இது ஃபார்மைப் பிடிச்சு நிறுத்தும். ஒவ்வொரு கட்டமா சரிபார்க்கும். எல்லாம் நிரம்பியிருந்தாத்தான் அனுப்பும். ஆனா அந்த "நன்றி"… சரிபார்க்கிறதுக்கு முன்னாடியே வந்துடுது.

தங்கை: புரியற மாதிரி சொல்லேன்.

அண்ணன்: உள்ளயே விடாம, வாசல்ல வச்சே கும்பிடு போட்டு அனுப்பிடுச்சு.

தங்கை: அடப்பாவி! எந்தத் தூங்குமூஞ்சி எழுதினது இதை?

அண்ணன்: அதை விடு, முதல்ல இதைச் சரி பண்ணலாம்.

தங்கை: உன்னைத்தாண்ணா கேக்கறேன்.

அண்ணன்: நான்தான். அந்த வெப்சைட்டே நான் செஞ்சு குடுத்ததுதான்.

தங்கை: நீயா! ஒரு வாரமா என்கூடச் சேர்ந்து அவங்களைத் திட்டினியே!

அண்ணன்: என் பக்கம் தப்பு இருக்காதுன்னு இருந்துட்டேன். சோதிக்கறப்ப எல்லாக் கட்டத்தையும் ஒழுங்கா நிரப்பித்தான் சோதிச்சேன்… காலியா விட்டுப் பார்க்கவே இல்ல.

தங்கை: உன் தலையில கொட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல அனுப்பு!

அண்ணன்: சரி… பாப்பா பேரு, ஆச்சு. பிறந்த தேதி, ஆச்சு. இதோ, இதைத்தான் விட்டிருக்கே. அப்பா பேரு.

தங்கை: அது… அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்: போகாதும்மா. கட்டாயம்னு நான்தானே எழுதி வச்சேன். என்ன, மாப்பிள்ளை பேரைச் சொல்ல இப்பத்தான் வெக்கமா? நேத்துகூட வெளிநாட்டுலேர்ந்து பேசினாருன்னியே…

தங்கை: அந்தக் கட்டாயத்தை எடுத்துடுண்ணா.

அண்ணன்: ஏய்… ஏன் அழறே?

தங்கை: கேக்காதே. எடு.

அண்ணன்: எடுத்துட்டேன். "நன்றி"யையும் கீழ இறக்கிட்டேன். அமுக்கறேன்… போயிடுச்சு. அவங்க பக்கம் வந்து விழுந்ததைக்கூட பார்த்துட்டேன், போதுமா? இப்பச் சொல்லு. மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?

தங்கை: அவரு வெளிநாட்டுக்கே போகலண்ணா. போன வாரம், ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி விவரம் கேக்கப் போனப்ப, அந்தப் பள்ளிக்கூட வரிசையில எனக்கு முன்னாடி நின்னாரு… கையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு குழந்தை. அவரை அப்பான்னு கூப்பிட்டுச்சு.