நம்முடையது, அவர்களுடையது

‘நம்முடையது’ என்பதில் புரியாமல் போக ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த மாதிரிச் சொற்களை விளக்கத்தான்.

நிலப் பதிவுகளுக்கான மென்பொருள் அது. யார் எப்போது திருத்தினாலும் பழைய பிரதியையும் விடாமல் வைத்திருக்கும். தாலுகா ஆபீஸ் பிரதியும் தஞ்சாவூர் மாவட்ட ஆபீஸ் பிரதியும் முரண்பட்டால், எதை வைத்துக்கொள்வது என்று திரையில் கேட்கும்: நம்முடையதா, அவர்களுடையதா? வழக்கமாக ‘நம்முடையது’ என்றால் நாம் ஏற்றியது. ஒரே ஒரு வகை இணைப்பில் மட்டும் அது தலைகீழ். அங்கே ‘நம்முடையது’ தஞ்சாவூரில் இருப்பதைக் குறிக்கும். இன்ஜினீயர்களே தடுமாறும் இடம். தமிழ்க் கையேட்டில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தேன்.

பிறகுதான், திருவையாற்றுப் பக்கத்து ஊர்களை ஏற்றுவது வேம்பு என்று தெரிந்தது. கர்ணம் இராஜாங்கத்தின் மகள். எழுபத்து நான்கில் என் அப்பாவின் பெயரைக் குத்தகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தவர் இராஜாங்கம். ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். அப்பா போய்க் கேட்டதற்கு, "அப்படி ஒரு பேரே இங்க இல்லியேடா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். முப்பத்தெட்டு வருஷமாகியும் அந்த ‘டா’ எனக்கு ஆறவில்லை. வேம்புவுக்கு அப்போது எட்டு வயதுதானே என்கிறீர்கள். எனக்கும் எட்டுதான்.

அவள் செய்ய வேண்டியிருந்தது அந்தத் தலைகீழ் இணைப்பைத்தான். கையேட்டிலிருந்து அந்த ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். அவள் கவனமானவள். போன் செய்து கேட்டாள்.

"சார், நம்முடையதுன்னா நான் ஏத்தினதுதானே? தப்பாயிடக் கூடாது சார். நாப்பத்தோரு சாகுபடிதாரர் பேரு புதுசா சேர்த்திருக்கேன்."

"ஆமாங்க, நீங்க ஏத்தினதுதான். தைரியமா அமுக்குங்க."

நாற்பத்தோரு பெயரும் போயின. அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். மறுவாரமே நிலக்காரரின் ஆட்கள், சாகுபடிதாரர் பெயரில்லாத நகலைக் காட்டி, கதிர் வந்த சம்பாவில் டிராக்டரை இறக்கினார்கள். வீரையன் குறுக்கே போய் நின்றார். டிராக்டர் நிற்கவில்லை.

அவள் ஏற்றிய பிரதி அழியவில்லை, ஐயா. அதை மீட்கப் பத்து நிமிஷம் போதும். எனக்கு வழி தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

வீரையன் யாரென்று தெரியுமா என்கிறீர்கள். என் அப்பாவின் தம்பி. பட்டியலில் அவர் பெயர் பதினேழாவது. வேம்புவிடம் அமுக்கச் சொல்வதற்கு முன்பே பார்த்திருந்தேன். சித்தப்பாவை மட்டும் காப்பாற்றியிருந்தால், மற்ற நாற்பது பேருக்கு அது அநியாயம் இல்லையா?