சம்மனசின் முகத்தைத் துடைத்த விதம்

பழைய படத்தைத் துடைக்க எச்சிலைப் போல நல்ல மருந்து இல்லை, சாமி. சிரிக்காதீர்கள். முதலில் நேற்றைய ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டித் தேய்த்தால் மேல்தூசி போகும். பிறகு பஞ்சை நாக்கில் நனைத்து, பொட்டளவு இடமாகத் துடைக்க வேண்டும். முப்பது வருடம் இந்த மாதா கோயிலில் மணியடித்து, பீடம் துடைத்து, கோயில்பிள்ளையாக இருந்து கற்றுக்கொண்டது.

மரப்பலகையில் இறக்கை விரித்து நின்று, மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துப்போன காவல் சம்மனசு படத்தை ஐம்பத்தாறாம் வருடத் தவக்காலத்தில் அப்படித்தான் துடைத்தேன். பதினோராம் நாள் முகம் வெளியே வந்தது. பூ கொண்டுவந்த வெள்ளையம்மா கூடையைக் கீழே போட்டாள்.

“ணா, இது எம்பொண்ணு முனிலட்சுமி!”

“நூறு வருசத்துப் படம்மா இது. உம்பொண்ணுக்கு ரெக்கை இருந்துச்சா?”

“வாலு ஒண்ணுதான் இல்ல அவளுக்கு. இந்த நெத்தி, இந்த மோவாய், அவளேதாண்ணா.”

முனிலட்சுமி முந்தின வருடம் பாம்பு கடித்து இறந்த ஒன்பது வயதுப் பிள்ளை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அன்றிலிருந்து தாய் தினமும் குருபரப்பள்ளியிலிருந்து நடந்து வந்து படத்தோடு பேசினாள். “சாப்டியா? தலைய வாரிக்கக் கூடாதா?” நானும் அவளுக்கு முக்காலி போட்டேன், மோர் கொடுத்தேன். சின்ன உதவிகளில்தான் ஆண்டவர் இருக்கிறார்.

ஆனால் தினம் கிளறினால் புண் ஆறுமா? அவள் நன்மைக்காகத்தான் ஒரு காலையில் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் கரைத்தேன். முகத்தை மட்டும் துடைத்தேன். கண்கள் முதலில். சீக்கிரமே பலகை தெரிந்தது. இறக்கையில் ஒரு துளி படவில்லை, பாருங்கள்.

கண்களை ஏன் முதலில் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை இங்கே உயிரோடுதான் வந்தாள், சாமி. பாம்பு கடித்த காலைக் காட்டினாள். சாலையில் ஒரு லாரியை மறித்திருந்தால் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி அரைமணி நேரம். நான் செபமாலையில் பாதியில் இருந்தேன். நடுவில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை. “படியில உக்காரு கண்ணு, முடிச்சிட்டு வர்றேன்” என்றேன். சரி என்று என்னையே பார்த்தபடி உட்கார்ந்தாள். மரியாதையான பிள்ளை. முடித்து வந்தபோது சாய்ந்து கிடந்தாள். வந்து பார்த்தபோதே உயிரில்லாமல் கிடந்தாள் என்று தாயிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

முகமில்லாத படத்தின் முன் வெள்ளையம்மா வெகுநேரம் நின்றாள். துடைக்கும்போது அழிந்துவிட்டது என்றேன். சோடாவில் வெந்திருந்த என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

“நீ இன்னாணா பண்ணுவே, நல்லது செய்யத்தானே போனே. வுடு” என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

மன்னித்துவிட்டாள், சாமி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.