மிஷினுக்குச் சீக்கு வராது

— நான்தான் தப்பா அமுக்கிப்போட்டேன்னு இன்னொருக்காச் சொன்னீங்கன்னா, இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிக் கெணத்துல போட்டுருவனுங்க.

— கத்தாத மயிலாத்தா. பால் கறக்கற நேரம். கட்டுத்தறியில ஆளுக இருக்கறாங்க.

— இருக்கட்டுமுங்க. நான் இதுல போட்ட தமிழெழுத்துப் பூராப் போச்சுன்னு ஆளுகளும் கேக்கட்டும், மாடும் கேக்கட்டும்.

— லாஜிக்காப் பாரு. கேசட்டுல பதிஞ்சது தானா அழியாது. நீ மறந்தாப்புல அதுமேலயே வேற எதையோ பதிஞ்சிருப்ப. இல்லீன்னா மோட்டார் ரூமுல கொண்டுபோய் வெச்சிருப்ப. மோட்டார்ல காந்தம் இருக்குது.

— கேசட்டு என்ற பீரோவுல, சீலைக்கு நடுவுல இருந்துச்சுங்க. அழியலீங்க அது. தின்னுருச்சு.

— என்ன தின்னுச்சு?

— சேவலு. நேத்துப் பொழுதோட கேசட்டப் போட்டேன். மொதல்ல எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. 'அ' வந்துச்சு, 'க' வந்துச்சு, வரிசையா எல்லாம் நின்னுச்சு. அப்பறம் திரை ஓரத்துல குட்டியா ஒரு சேவ நடந்து வந்துச்சு. 'ழ'வோட காலத்தான் மொதல்ல கொத்துச்சு. ஒண்ணொண்ணாக் கொத்திக் காலி பண்ணிப்போட்டு, நடுவுல நின்னு கழுத்த நீட்டிட்டு இருந்துச்சு. கூவாதது ஒண்ணுதான் கொறைங்க.

— ராத்திரியெல்லாம் முழிச்சா கண்ணுல சேவலும் தெரியும், மயிலும் தெரியும்.

— முந்தாநாள் ராத்திரிதான் மூணு கேசட்டுலயும் மறுக்காப் பதிஞ்சு வெச்சிருந்தனுங்க. மூணுலயும் அதே சேவ வருது. மூணுக்குமா என்ற கண்ணு கெட்டுப்போச்சு?

— இப்ப என்ன, மறுக்கா எழுதிக்கலாம்.

— எப்பங்க எழுதறது? சரஸ்வதியம்மா நாளைக்குக் காலைல கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க. இத்தன பெரிய அச்சாபீசு வெச்சிருக்கறவங்க, ஒரு பொம்பளை போட்ட தமிழெழுத்தப் பாக்கறதுக்கு மீனாட்சிபுரத்துக்கு வர்றாங்க. பாத்துப் புடிச்சுப்போச்சுன்னா எனக்கு அங்கயே வேல. இல்லீன்னா பம்பாய்க்காரங்கிட்டப் போயிருவாங்க. அவங்களுக்கு நான் வெறும் திரையக் காட்டறதா, சேவலக் காட்டறதா?

— ஒடம்புக்குச் சரியில்லைன்னு தந்தி குடுத்துரலாம்.

— ஆருக்குச் சரியில்லீங்க? எனக்கா, இதுக்கா?

— இதுக்கு ஒண்ணும் ஆகாது. எத்தன தடவை சொல்றது. பெரிய ஆபீசு மிஷினுன்னா ஒயரு வழியா எவனாச்சும் உள்ள பூந்து கெடுப்பான். அமெரிக்காவுல நானே பாத்திருக்கறேன். இது ஊட்டு மிஷினு. ஒரு ஒயரும் வெளிய போகறதில்ல. ஆரு உள்ள பூருவா? இந்த மாதிரி மிஷினுக்குச் சீக்கே வராது.

— ஒயருல வராதுங்க. கையில வந்துச்சு. முந்தாநாள் நீங்க போட்டீங்களே, பள்ளிவாசல் எஸ்டேட்டு பிலிப்பு குடுத்த கோழிச்சண்டை கேசட்டு. அதுல வர்ற அதே சேவலுங்க இது. அதே வளைஞ்ச வாலு.

— அது வெறும் வெளையாட்டு. பிலிப்பு அந்த டீ எஸ்டேட்டுல பொழுது போகாம எழுதுனது. அவன்கிட்டயும் இதே மிஷினு இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலியே?

— அவரு மிஷினுல தமிழ் இருக்குதுங்களா?

— வெறுதே பேசாத.

— ஏனுங்க, சந்தையில புடிச்சுட்டு வந்த மாட்ட நேரா நம்ம கட்டுத்தறியில கட்டுவீங்களா? ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலியில தனியாக் கட்டி, வாயில நொரை தள்ளுதா, கால நொண்டுதான்னு பாத்துட்டுத்தான உள்ள உடுவீங்க? அந்தப் புத்தி கேசட்டுக்கு எங்க போச்சு?

— மாடு மாடு. மிஷினு மிஷினு. லாஜிக்கே இல்லாமப் பேசற.

— லாஜிக்கு நான் சொல்றேன், கேளுங்க. ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சனுங்க. இந்த மிஷினு கரண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். அது அதோட கொணம். கேசட்டுல இருக்கறதப் படிச்சு ஞாபகத்துல வெச்சுக்கும், அமத்துனா மறந்துரும். நம்மூருல கரண்டு தெனமும் போகுது. போயிருந்தா முந்தாநாளே அந்தச் சேவ செத்திருக்கும். ஆனா நீங்க டிராக்டர் பேட்டரியக் கழட்டிக் கொண்டாந்து இதுக்குக் கட்டுனீங்க, மறக்கவே கூடாதுன்னு. அது மறக்காம உள்ளயே உக்காந்திருந்துச்சு. நான் எந்தக் கேசட்ட உள்ள போட்டு எதப் பதிஞ்சாலும், கூடவே தானும் போய்ப் பதிஞ்சுக்குச்சு.

— இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தா?

— ஆருமில்ல. இதுல இங்கிலீசு மட்டுந்தான் வருமுன்னு சொன்னீங்க. அப்பவும் ஆரும் எனக்குச் சொல்லிக்குடுக்கல.

— இங்க பாரு. எழுபத்தெட்டுல அமெரிக்காவுல இருந்து இதத் தோளுல சொமந்துட்டு வந்தது நானு. கஸ்டம்ஸ்காரன்கிட்ட நாளெல்லாம் நின்னது நானு. இப்ப சந்தைக்குப் போனா, 'மயிலாத்தா ஊட்டுக்காரருங்களா'ங்கறானுக. தமிழெழுத்துப் போடுற அம்மாவோட ஊட்டுக்காரர். கந்தப்பன்னு எனக்கு ஒரு பேரு இருக்குது.

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். ஊட்டுல இருந்தாப் போதும். கோயமுத்தூர்ல தனியா ரூம் எடுத்துத் தங்கி, அச்சாபீசுல வேல பாத்து… இங்க ஆளுகளுக்குச் சோறு ஆரு போடறது?

— ஓ. அதுதான் வெசனமா உனக்கு?

— 'உனக்கா'? 'ங்க' எங்க போச்சு?

— அதையும் சேவ தின்னுருச்சு.

— மரியாதையாப் பேசு, மயிலாத்தா.

— மரியாதையாத்தான் இத்தன நாளும் பேசினேன். உனக்குத் தெரியுமா, அந்த 'ழ'வுக்கு எத்தன நாள் உக்காந்தேன்னு? ஒரு புள்ளி தள்ளி வெச்சா 'மு' மாதிரி இருக்கும், இன்னொண்ணு தள்ளி வெச்சா எழுத்தே இல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அதே நெனப்பு, உன்ற தட்டுல சோறு போடும்போதும் அதே நெனப்பு. மொத மொத அது திரையில வந்து நின்னப்ப, உன்னத்தான் கூப்புட்டேன். பம்பு செட்டுல இருந்தே கையாட்டிட்டு, அப்பறம் பாக்கறேன்னுட்ட. அன்னைக்குக் கதவச் சாத்திட்டு நான் அழுதேன். சந்தோசத்துலன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

— செரி, செரி. மிஷின அமத்திடறேன். நாளைக்கு அந்தம்மா வந்தா நானே பேசிக்கறேன்.

— அமத்து. அமத்திப்போட்டு, நூல் மில்லுக்கு நீ எழுதுன கணக்குப் புரோகிராமப் பாரு. நாளைக்கு மத்தியானம் உடுமலையில மில்லுக்காரங்களுக்குக் காட்டோணுமல்ல?

— அதுக்கென்ன. ரண்டு வருச வேலை, அலமாரியில பத்திரமா இருக்குது.

— இருந்துச்சு. தேஞ்ச கேசட்டா இருக்குது, புதுசுல நகல் எடுத்து வெய்யின்னு நீதான சொன்ன. நேத்து மத்தியானம் உன்ற கேசட்டு எல்லாத்தையும் எடுத்து, இதுல போட்டு, மறுபடியும் அதுலயும் பதிஞ்சு, புதுசுலயும் பதிஞ்சு வெச்சேன்.

— எதுல போட்டு?

— இந்த ஊட்டுல எத்தன கம்ப்யூட்டர் இருக்குது?

— கோழிச்சண்டை போட்டதுக்கு முன்னாடியா, பொறவா?

— உனக்கெதுக்கு அது? இதுக்குத்தான் சீக்கே வராதே.

— மயிலாத்தா, வெளையாடாத. முன்னாடியா, பொறவா?

— பொறவுதான். ஏன் மூஞ்சி இப்படி வேர்க்குது?

— தமிழெழுத்த மட்டுந்தான் கொத்தும்னு பிலிப்பு எங்கிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்தானே.